மழை மாதத்துக் கீரை

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனதும் எங்கள் அலுவலக வாட்சப் குழுவில் ஒரு பட்டியல் ஏறும். முதலில் நான் காய்களின் பெயரைப் போடுவேன். அந்த வாரம் என்ன விளைந்திருக்கிறதோ அது மட்டும். பிறகு ஒவ்வொருவராகக் கீரை இரண்டு கட்டு, வெண்டை அரைக்கிலோ என்று எழுதுவார்கள். சனிக்கிழமை காலை நான் பத்து காஜா ஊர்ப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்குப் போய்க் காரில் ஏற்றிவந்து ஈப்போவில் வீடு வீடாக இறக்குவேன்.

இதில் எனக்கு இலாபம் கிடையாது. மரியாதை இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவனே நான் ஒருவன்தான். அலுவலகத்தில் மற்றவர்கள் பேசும்போது எந்த இடத்தில் நுழைவது என்று தெரியாமல் இரண்டு வருடம் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஆர்கானிக் கடையில் ஒரு கைப்பிடிக் கீரைக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த விலைக்கு ஒரு கூடையே வாங்கித் தருகிறேன் என்றேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

பழைய ஈயச் சுரங்க நிலத்தில் காய்கறி போட்டிருந்த ஒரு சீனர் எனக்குப் பழக்கம். முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கோழி எரு மட்டும்தான், மருந்து அடிப்பதில்லை என்று மலாயில் சொன்னார். நான் அப்படியே நம்பிவிடவில்லை. எஸ்டேட்டில் பிறந்தவன், இலையைப் புரட்டிப் பார்த்தேன். புழு கடித்த ஓட்டை இருந்தது. முகர்ந்து பார்த்தேன். மண் வாடைதான். ‘மருந்து அடிக்காதது, நானே பார்த்தேன்’ என்று குழுவில் எழுதினேன். தவுக்கே பொய் சொல்லவில்லை. நான் ஏப்ரலில் கேட்டேன், அவர் ஏப்ரலுக்குப் பதில் சொன்னார்.

அக்டோபரில் மழை பிடித்தது. அதே நேரத்தில் அப்பாவுக்கு வேலை போனது. எஸ்டேட்டை விற்று அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியதும் நாங்கள் ஈப்போவில் சிலிபின் பக்கத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். அதிலிருந்து ஒரு குத்தகைக்காரரிடம் அப்பா புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் தொழிலை விட்டுவிட்டார். அறுபது தாண்டியவரை வேறு யாரும் கூப்பிடவில்லை. தவுக்கேயிடம் சொல்லிப் பார்த்தேன். எஸ்டேட்டில் உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். மருந்தடித்தார் என்றேன். நாளைக்கே வரச் சொல் என்றார். களை பிடுங்க, பாத்தி கட்ட ஆள் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்ட கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

எஸ்டேட்டில் மருந்தடிப்பவர் வீடுகளில் ஒரு தனி வாளி உண்டு. மருந்து பட்ட சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து நனைக்கமாட்டார்கள். பிள்ளைகள் அந்த வாளியைத் தொட்டால் அடி விழும். அப்பாவின் வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இன்றும் சரியாக வளராது. நான் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று, இனி நீங்கள் மருந்து பம்பைத் தூக்கவேண்டாம் என்று அவரிடம் பெரிய மனிதன்போலச் சொல்லிவிட்டுப் போனேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை கால் கழுவக் குளியலறைக்குப் போனேன். ஓர் ஓரத்தில் புதிதாக ஒரு வாளி. அதில் அப்பாவின் சட்டை மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த அம்மா அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீரைக்கா அடிக்கிறீங்க?”

“மழை வந்தா புழு வரும்லா. அடிக்காட்டி ஒரு இலை தேறாது. உனக்குத் தெரியாதா?”

அடித்தபின் ஏழு நாளாவது விடவேண்டுமாம். தவுக்கே இரண்டாம் நாளே பறிக்கிறாராம். வெண்டையும் பரங்கியும் பரவாயில்லை, கீரையை மட்டும் நம் வீட்டுக்குக் கொண்டுவராதே என்றார். ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கீரையைக் கொண்டுபோய்க் கொடுக்குறது நீ. வேலை வாங்கிக் கொடுத்ததும் நீ. இதுல நான் எதைச் சொல்ல?”

குழுவில் சொன்னால் வாங்குகிறவர்கள் நின்றுவிடுவார்கள். யார் சொன்னது என்று தவுக்கேவுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அப்பா வீட்டில் இருப்பார். சொல்லாவிட்டால் நான் எழுதிய வரி அப்படியே அங்கே இருக்கும். நான் கண்டுபிடித்தது ஒரு கோழையின் வழி. பக்கத்து மேசை அக்கா தன் ஏழு மாதக் குழந்தைக்கு அரிசிக் கஞ்சியில் கீரை மசித்து ஊட்டத் தொடங்கியிருந்தார். அவருக்கு மட்டும் கீரை கொடுப்பதை நிறுத்தினேன். மழையில் அழுகிவிட்டது, கடைசிக் கட்டும் போய்விட்டது என்று மூன்று வாரம் சொன்னேன். மற்ற பதினொரு பேருக்கும் எப்போதும்போலக் கொடுத்தேன்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, காப்பி கலக்கும் இடத்தில் அக்கா என்னை நிறுத்தினார்.

“தம்பி, எனக்குக் கீரை இல்லன்னு சொல்றீங்க. கணக்குப் பிரிவுல இருக்குற மலாய்க்காரப் பொண்ணு மூணு கட்டு வாங்கி, பாவம்னு எனக்கு ஒண்ணு கொடுத்துச்சு. நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?”

“பிள்ளைக்குக் கொடுத்துட்டீங்களா அக்கா?”

“இன்னும் இல்ல. ஐஸ் பெட்டியில இருக்கு.”

“கொடுக்காதீங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லப் பார்த்தேன். அவரை விட்டுவிட்டால் கதையே நிற்கவில்லை. அவரையும் சொன்னேன். அக்கா தன் கோப்பையைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார்.

“என் பிள்ளைக்கு வேணாம்னு நெனைச்சிருக்கீங்க. சரி. அந்தப் பொண்ணு வீட்டுலயும் ரெண்டு பிள்ளைங்க இருக்குலா?”

 தான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அன்று மாலை அப்பாவிடம், குழுவில் உண்மையை எழுதப்போகிறேன் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். எழுது, நான் வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேறு எதுவும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பட்டியலுக்குப் பதிலாக எழுதினேன். மழைக்காலத்தில் இந்தக் கீரைக்கு மருந்து அடிக்கிறார்கள், அடித்த இரண்டாம் நாள் பறிக்கிறார்கள், மூன்று வாரமாக எனக்குத் தெரியும், மன்னித்துவிடுங்கள். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். உண்மையில் திட்டுக்காக ஏங்கினேன் என்றே சொல்லவேண்டும். நாலு பேர் சேர்ந்து என்னை நிறுத்திவிட்டால், கீரையை நிறுத்தியது நானாக இருக்காது அல்லவா?

முதலில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சந்தைக் கீரைக்கு மட்டும் அடிக்காமலா இருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டால் எல்லாம் போய்விடும் என்று இன்னொருவர். மேலாளர், உன் நேர்மைக்கு நன்றி, எனக்குக் கீரை மூன்று கட்டு என்று எழுதினார். மழையில் சந்தை விலை ஏறிக்கிடந்தது. தவுக்கே விலை ஏற்றவில்லை. ஐந்து மணிக்குள், நான் போடாத பட்டியலை அவர்களே போட்டு நிரப்பியிருந்தார்கள். அக்கா குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.

அந்தப் பட்டியலை நான் தவுக்கேவுக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாம். அனுப்பினேன்.

சனிக்கிழமை தவுக்கே என் தோளைத் தட்டினார். பழைய சுரங்கக் குளத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாத்திக்கு மண் கொத்தியிருந்தது. அப்பா பம்பை இறக்கிவைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார். மருந்து வாடை போகவில்லை.

“எழுதினியா?”

“எழுதிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“கூடக் கொஞ்சம் வேணும்னு கேட்டாங்க.”

அப்பா இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

“அதான் பாத்தேன். வாரத்துல இன்னொரு நாளும் வரச் சொல்லிட்டான். நல்லதாப் போச்சு.”

சந்தோஷமாகத்தான் சொன்னார். வேலை இல்லாத அந்த மாதம் முழுக்க அவர் முகத்தில் இதைப் பார்க்கத்தான் நான் அலைந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, பட்டியலில் முதல் வீடு இருந்த பக்கம் காரைத் திருப்பினேன்.