பூ வைக்க இடமில்லாத தலை

கோயிலுக்குப் போகும்போது அத்தையின் பின்னல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது தலையில் சந்தனம் மட்டும்தான் இருந்தது. வாசலில் நிற்பது யாரோ என்று நான் பயந்து கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டேன். அம்மாவின் கையிலிருந்த செம்பு நழுவி முற்றம் வரை உருண்டது.

அத்தை அப்பாவின் தங்கை. மறுநாள் அவளுக்குப் பூ வைக்க சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூச்சரத்தைச் சூடிவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த அம்மாள் பெண் பார்க்க வந்த அன்றே பின்னலை அவிழ்த்து, உள்ளே சவுரி ஏதும் செருகியிருக்கிறதா என்று விரல்விட்டுக் கோதிப் பார்த்துவிட்டுத்தான் காப்பியே குடித்தார்.

பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது, ரெண்டு வருஷம் பொறுங்கள் என்று அத்தை அப்பாவிடம் கெஞ்சியிருந்தாள். முடி அழகைப் பார்த்துத் தேடி வந்த சம்பந்தத்தை விடுவதா என்று அப்பா மறுத்துவிட்டார். அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதை நானும் பார்த்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற வயதா எனக்கு? இரண்டாம் வகுப்பு.

முந்தின மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஊசி போட்டதில் சரியாகியிருந்தது. அப்போது கோமதியம்மனுக்குத் தான் நேர்ந்துகொண்டதாகவும், அதைக் கல்யாணத்துக்கு முன்னால் செலுத்திவிட வேண்டும் என்றும் அத்தை சொல்ல, பூமுடிதானே என்று அம்மாவும் அனுப்பி வைத்தாள். பெரிய பெண்கள் நுனியில் ஒரு கொத்து முடியை வெட்டிக் கொடுப்பதுதான் பூமுடி. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் மொட்டை போடுவதை யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

அம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நாளைக்கு வாரவுக பூவை எங்கன வைப்பாவ?"

அத்தை அழவில்லை. "பூமுடின்னுதான் போனேன் மதினி. சன்னதியில நிக்கையில பிள்ளை மொகம் வந்துட்டு. நாலு முடியைக் குடுத்து அம்மனை ஏமாத்தவான்னு தோணிட்டு," என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் காய்ச்சல்தான் அத்தையின் முடியைத் தின்றுவிட்டது என்று நம்பினேன். கையை ஓங்கிக்கொண்டு வந்த அப்பாவோ, அம்மன் பெயரைக் கேட்டதும் ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, திண்டாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சாமிக்குக் கொடுத்ததற்காக யாரைத் திட்ட முடியும்?

சிவகிரிக்கு ஆள் போனது. முடி வளரும்வரை காத்திருக்க முடியாது என்று அவர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். மொட்டைத்தலையோடு தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு தெருவுக்கெல்லாம் பதில் சொல்ல அப்பாவால் ஆகவில்லை. போய்ப் படித்துத் தொலை என்றுவிட்டார். அத்தை முக்காடு போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் நான் எனக்காக மொட்டை போட்ட அத்தையைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருஷம் அவள் லீவுக்கு வந்தபோது முடி கழுத்தைத் தொட்டிருந்தது. படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வாசுதேவநல்லூரில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக அப்பா மறுபடியும் ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அத்தை, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்கு மறுபடியும் காய்ச்சல் எப்பம் வரும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

என் மேல் எவ்வளவு கவலை என்று எனக்குப் பூரிப்பாக இருந்தது. "இனிமே வரவே வராது அத்தை. தெனமும் கோயில் புத்துமண்ணு பூசுதேன்," என்றேன்.

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தாள். எனக்காகத் தலைமுடியையே கொடுத்தவள், எனக்கு இனிக் காய்ச்சல் வராது என்றதும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.