மயில் பார்க்கப் போன சனிக்கிழமை

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு நேரே ஒருத்தி நீட்டிய வேகவைத்த மல்லாட்டையின் மண்வாசம், சாலைக்கு அந்தப்பக்கம் இன்று மனைக்கற்கள் நட்டுக்கிடக்கும் நிலத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அது என் ஆறாம் வகுப்புத் தோழி சுகந்தியின் அப்பாவுடைய கொல்லை. மயில் காட்டுகிறேன் என்று அவள் கூப்பிட்டு ஒரு சனிக்கிழமை போனேன். புங்கமர நிழலில் பெண்கள் வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருக்க, நாங்களும் விளையாட்டுப்போல உட்கார்ந்து ஆய்ந்தபடியே, கீரிப்பிள்ளை குட்டிகளோடு வரப்பைத் தாண்டுவதையும், மயில்கள் மிச்சக் காயைக் கிளறித் தின்பதையும், கிணற்றுக்குள்ளிருந்து புறாக்கள் சடசடவென்று எழுவதையும் பொழுதுக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் சுகந்தியின் அப்பா ஒவ்வொருத்தியின் குவியலையும் அளந்து, பத்துப் படிக்கு ஒரு படி என்று அவரவர் மடியில் கொட்டிக்கொண்டே வந்தார். சுகந்தியின் குவியலை அளக்காமல் களத்தில் தள்ளினார். என்னுடையதை அளந்து, என் பாவாடையில் ஒரு படி கொட்டினார். விருந்தாளிக்குக் கொடுக்கிறார் என்று பூரித்துப்போய், காலனிவரைக்கும் ஒரு காய் சிந்தாமல் நடந்தேன்.

கொல்லை கொல்லையாகக் காய் ஆயப் போகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கூலி கொறைக்காமதான் குடுத்துக்கிறாரு" என்றாள்.

அடுத்த வாரம் சுகந்தி, "அப்பா உன்ன இட்டுக்கினு வரச் சொன்னாரு" என்றாள். மயில் பார்க்கப் போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.