அண்ணன் விட்டுவிட்ட ஒரு வரி

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்ட உறவுக்காரர்கள், "படக் கொட்டகைச் சங்கதியை மட்டும் எழுதிப் போடாதே, நாலு பேர் சிரிப்பார்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதை விட்டால் அண்ணனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அண்ணன் அதற்காகத்தான் தொண்டை கிழியப் பேசினார்கள்.

அண்ணன் பிறந்தது மணவாளக்குறிச்சியில். அப்பா அங்கே வேதக்கோவில் சபைக்கு ஜெபமும் பிரசங்கமும் நடத்தும் உபதேசியாராக இருந்தார்கள். பிறகு வடசேரிக்கு மாற்றலாகி வந்தோம். அண்ணனுக்கு மீசை அரும்பும் வயதில் அம்மா இறந்துபோனார்கள். அன்று கல்லறையில் ஜெபம் செய்தபோதுதான் அப்பா அழுது நாங்கள் பார்த்தோம். அதன்பின் எங்கள் வீட்டில் அண்ணனைத் தவிர யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை.

அந்நாளில் படம் பேசாது. திரையில் உதடு மட்டும் அசையும். பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லுவார். சந்தைக்குப் பக்கத்தில் கூடாரக் கொட்டகை போட்டபோது அண்ணன் அந்த வேலைக்குப் போனார்கள். படக் கொட்டகை பாவம் என்று சபையார் கூடி, ஆலயத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜனப் பந்தியிலிருந்து அண்ணனை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அதை வாசித்தது எங்கள் அப்பாவேதான். உபதேசியார் வேலை அப்படி. அன்று முதல் அப்பா அண்ணனோடு பேசவில்லை. ஒரே வீட்டுக்குள், "அவனைச் சாப்பிடச் சொல்லு", "அப்பாவிடம் குடையைக் கேளு" என்று இரண்டு பேருக்கும் நடுவில் தங்கை நான்தான் நடந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கத்திவிட்டு வந்து இதையும் செய்ய வேண்டும். அலுத்துப் போயிற்று, சொல்லி என்ன!

கொட்டகைக்காரரிடம் பழைய படம் ஒன்று இருந்தது. புதுப்படம் வந்து சேராத நாளெல்லாம் அதுதான் ஓடும். மணிக்கூண்டுக்குச் சாவி கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கதை. விறைப்பான மனுஷர். காற்று தொப்பியைப் பறிக்கும், வாத்து துரத்தும், சாக்கடையில் விழுவார். எழுந்து மீசையைத் தடவிக்கொண்டு மறுபடியும் விறைப்பாக நடப்பார். அண்ணன் அவருக்கு அப்பாவின் குரலைக் கொடுத்தார்கள். அப்பாவின் பிரசங்கம் எங்கே திரும்பினாலும் "ஆகையினாலே, பிரியமானவர்களே" என்றுதான் திரும்பும். கிழவர் சாக்கடையிலிருந்து தலையை நீட்டி, "ஆகையினாலே, பிரியமானவர்களே, நாம் விழுந்துபோனோம்" என்பார். மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும்.

யாரோ அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள். "உபதேசியாரே, ஒம்ம மகன் ஒம்ம பிரசங்கத்த எடுத்து வச்சு ஆளுகளச் சிரிக்க வைக்கான். போய்ப் பாரும்." அப்பா குடையை எடுத்தார்கள். "ஏட்டி, வாறியா?" என்று என்னையும் கூப்பிட்டார்கள். கொட்டகை இருக்கும் திசையையே பார்க்காமல் நடக்கிற மனுஷர்! இன்றோடு அண்ணனுக்கு வீடும் இல்லை என்றே நினைத்தேன்.

பின்னால் நின்றோம். வாத்து வந்தது, சாக்கடை வந்தது. அப்பா முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு அந்தக் கிழவரின் மனைவி இறந்துபோகிறாள். கல்லறையில் தொப்பியில்லாமல் நிற்கிறார், உதடு அசைகிறது. அண்ணன் அதே குரலில், அம்மாவுக்காக அப்பா செய்த ஜெபத்தைச் சொன்னார்கள். "ஆண்டவரே, இவள் எனக்கு முந்தி எழுந்தவள், எனக்குப் பிந்திச் சாப்பிட்டவள். உம்முடைய வீட்டிலாவது இவளை முதலில் உட்கார வையும்." சிரித்துக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கிப் போயிற்று. பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்பா குடையை ஊன்றிக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் அப்பா வாய் திறந்தார்கள். "அவங்கிட்ட சொல்லு. ஜெபத்துல கடைசி வரிய விட்டுட்டான். 'நான் சொல்லாமல் விட்டதை நீரே சொல்லும், ஆண்டவரே.' அதையும் சேத்துச் சொல்லணும்."

போய்ச் சொன்னேன். அண்ணன் சிரித்தார்கள், கண் மட்டும் நிறைந்துவிட்டது. "மறந்து விடல்ல ஏட்டி. அந்த வரி வந்தா எனக்குத் தொண்ட அடச்சுப் போவும். பொறவு மிச்சக் கதைய யாரு சொல்லுவா?"

ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். நாளடைவில் கூட்டத்துக்கே அது பாடமாகிவிட்டது. அண்ணனோடு சேர்ந்து மணலில் இருப்பவர்களும் சொல்லுவார்கள். இனி அப்பாவும் மகனும் பேசிக்கொள்வார்கள் என்று நம்பினேன். எங்கே! "குடையைக் கேளு"தான் தொடர்ந்தது.

பேசும்படம் வந்தது. படமே பேசும்போது ஆள் எதற்கு? அண்ணன் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறினார்கள். பிறகு இருமல் பிடித்தது, குரல் போயிற்று. கடைசி மாதங்களில் உதடு மட்டும் அசையும்; நான் பார்த்து, வாசலில் நிற்கும் அப்பாவுக்குச் சொல்லுவேன். "அப்பா சாப்பிட்டாச்சாண்ணு அண்ணன் கேக்காங்க. நீங்களே உள்ள வந்து பதில் சொன்னா என்ன?" என்று ஒருநாள் கத்திக்கூடப் பார்த்தேன். "நீ சொல்லு மக்கா" என்றார்கள். அப்படியே அண்ணன் கண்ணை மூடிவிட்டார்கள்.

கல்லறையில் அப்பாவே ஜெபம் செய்தார்கள். "ஆண்டவரே, இவன் அழுகிறவர்களைச் சிரிக்க வைத்தவன். நாங்கள் நிறுத்தியதுபோல நீரும் இவனைப் பந்தியிலிருந்து நிறுத்தாதேயும். நான் சொல்லாமல்..." அதற்குமேல் அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை.

அண்ணனின் நோய்க்கு மருந்து கொடுத்த வைத்தியர் ஐயாவுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், யோசித்து யோசித்தாவது கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்த சபையாருக்கும் எங்கள் வந்தனம். அடக்கத்தன்று கல்லறை வேலிக்கு வெளியே நின்றிருந்த வண்டிக்காரர்கள், கோட்டாற்றுச் சாயபுமார், மீன்காரப் பெண்கள் எல்லாரும் கொட்டகை மணலில் உட்கார்ந்து சிரித்தவர்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்பாவின் குரல் நின்ற இடத்தில் அவர்கள்தான் ஒரே குரலாகச் சொன்னார்கள்: "நான் சொல்லாமல் விட்டதை நீரே சொல்லும், ஆண்டவரே." அவர்களுக்கு என் நன்றி. அன்று ஒருநாள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நான் நடக்க வேண்டியிருக்கவில்லை.