பத்து விநாடிக் குருவி

வேனில் முன் இருக்கை கிடைத்தால் எனக்கு வாந்தி வராது. அதனால் சந்தவாசலில் ஏறியதும் ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. எனக்குப் பக்கத்தில், பலாப்பழம் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு மலைக்குத் திரும்பும் ஒரு அம்மா. பின்னால் பதினோரு பேர். அவர்களை எண்ணியது பிறகுதான்.

மலையில் முதல் வளைவு. ஓட்டுநரின் இடது மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். இடப்பக்கம் பலமாகச் சாய்த்தார், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினார், மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தார். அந்த அசைவைக் கண்டுபிடித்தவளே நான்தான்.

நான் கண்ணமங்கலத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு பெங்களூர் கம்பெனிக்கு மொபைல் விளையாட்டு வடிவமைக்கிறவள். குருவி வளர்க்கும் விளையாட்டு ஒன்று போனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கடிகாரத்தின் திரையோ இத்தனூண்டு. விரலை வைத்தால் குருவியே மறைந்துவிடும். விரலே வேண்டாம், மணிக்கட்டு போதும் என்றேன். குருவிக்குப் பசித்தால் கடிகாரம் மூன்று முறை அதிர்ந்து மஞ்சளாக ஒளிரும். கையை இடப்பக்கம் சாய்த்தால் தானியம் உருளும், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் அலகுக்குள் விழும். கை வேலையாக இருக்கும்போதுகூட விளையாடலாம் என்று நான் சொன்னதும் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

போனில் குருவி ஒரு நாள் பூராவும் பசி தாங்கும். கடிகாரத்தில் ராத்திரி மட்டும் பசிக்காது; பகலில் பத்து விநாடிதான், அதற்குள் ஊட்டாவிட்டால் செத்துவிடும். அதுவும் என் யோசனை. வேண்டும்போது பகலிலும் குருவியைத் தூங்கவைக்கிற வசதி கொடுக்கலாமே என்று ஒரு பெண் கேட்டாள். தூங்கவைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோவார்கள், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் வாயை அடைத்தேன். அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு.

இரண்டாவது வளைவிலும் கை சாய்ந்தது. பக்கத்து அம்மா என் பார்வையைப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார். "பாவம், கைல இன்னாவோ நரம்புக் கோளாறு. ரெண்டு மாசமா இப்டிதான் ஆட்டினே ஓட்டறாரு. நான்கூட தைலம் குடுத்தேன்."

மூன்றாவது வளைவில் எதிரே லாரி ஒன்று இறங்கி வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மஞ்சள் வெளிச்சம். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் ஒற்றைக் கையால் லாரிக்கு ஒதுங்கிக்கொண்டே இன்னொரு கையைச் சாய்த்தார். ஓரத்துக் குட்டைச்சுவருக்குக் கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தது.

அறிவிருக்கா உனக்கு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதை அவரிடம் கேட்பதா, என்னிடம் கேட்பதா? கத்தினால் மனுஷன் பதறிவிடுவார். வளைவில் ஓட்டுகிறவரைப் பதறவைக்க எனக்குத் தைரியமில்லை. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"குருவிக்கு எத்தன நாளு ஆச்சுண்ணா?"

அவர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"ரோட்டப் பாருங்கண்ணா."

"அறுவத்தியோரு நாளும்மா. உங்களுக்கும் தெரியுமா இது? எம்பொண்ணு வளக்கறா, அஞ்சாவது படிக்கிறா. இஸ்கூலுக்கு வாட்ச் கட்டினு வரக்கூடாதுன்ட்டாங்க. அதான் பகல்ல எங்கைல. செத்துச்சுனா என்ன வூட்டுக்குள்ளயே விடமாட்டா."

"கழட்டி எங்கிட்ட குடுங்க. மேல போற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவர் யோசித்தார். பெற்ற குழந்தையைக் கேட்டதுபோல ஒரு தயக்கம். "பதமா சாய்க்கணும். வருமா உங்களுக்கு?"

"வரும்ணா."

அகலமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திக் கழற்றிக் கொடுத்தார். வாரில் அவருடைய வியர்வைச் சூடு இருந்தது. என் மணிக்கட்டுக்கு அது தொளதொள என்று இருந்ததால் வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வளைவிலேயே அதிர்ந்தது. சாய்த்தேன். தானியம் எதிர்ப்பக்கம் ஓடியது. வேன் திரும்பும் வேகம் அதையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று புரிவதற்குள் நான்கு விநாடி போய்விட்டது. இதை நான் மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்து சோதித்திருக்கிறேன், வளைவில் ஒருதடவைகூட இல்லை. அவர் ஏன் அவ்வளவு பலமாகக் கையைச் சாய்த்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசி விநாடியில் அலகு திறந்து மூடியது.

அதற்குப்பின் நான் மலையையே பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் திரையையே பார்த்ததில் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து அம்மா மடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து என் மூக்கருகே பிடித்தார். அதிர்வு நிற்கும்போதெல்லாம் அடுத்தது எப்போது என்று உடம்பு காத்திருந்தது. ஒரு பொம்மைக் குருவிக்காகச் சாமியை வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். குருவி உயிரோடு இருந்தது. கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இந்த கேமை செஞ்சதுல நானும் ஒருத்திண்ணா. கை சாய்க்கறது, பத்து செகண்டு, ரெண்டுமே நான் சொன்னதுதான்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெசமாவா? பாப்பா நம்பவே மாட்டா." அவர் போனை எடுத்து என்னோடு ஒரு படம் பிடித்துக்கொண்டார். "நல்லா யோசிச்சிகிறீங்கம்மா. வண்டி ஓட்டினே ஆடலாம்."

"ஓட்டும்போது வேணாம்ணா. பாதிக் கண்ணு அதுலதான் இருக்குது."

"நான் எங்க பாக்கறேம்மா? கை தானா சாயுது." சிரித்தார். "நாலு மணிக்கு எறங்கறேன். ஆஸ்டல் புள்ளைங்க லீவுக்குப் போவுதுங்க, வண்டி ஃபுல்லு."

டீக்கடை ஓரம் நின்று மேலாளருக்குப் போன் போட்டேன். பத்து விநாடியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தூங்கவைக்கும் வசதியாவது இன்றைக்கே வேண்டும் என்றேன். அந்தப் பத்து விநாடிதான் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன அதே வார்த்தை. போனை வைத்துவிட்டேன்.

தாலுகா ஆபீசில் வரிசை நகரவேயில்லை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எனக்கு முன்னால் இரண்டே பேர். வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

வேன் நிறைய பிள்ளைகள், ஜன்னலில் தலை நீட்டிக்கொண்டு. முன் இருக்கையில் இருந்த பையனைப் பின்னால் அனுப்பிவிட்டு ஏறினேன். நான் கேட்பதற்கு முன்பே ஓட்டுநர் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"நாளைக்கும் மேல வேல இருக்குதாம்மா உங்களுக்கு?"

மணிக்கட்டில் மூன்று முறை அதிர்ந்தது. நான் கையைச் சாய்த்தேன்.