தையல்காரம்மா வீட்டு ரோட்டுக் கதவு

சந்தில் எல்லாரும் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்கு முன்பக்கம் சந்து, பின்பக்கம் பெரிய ரோடு. சந்தோ, எதிரே ஒருவர் குடை பிடித்து வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிடும். பிரசவ வலி வந்தவளை நாற்காலியில் தூக்கிக்கொண்டு சுற்றி வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். எதிர்வீட்டுக்காரிக்கு முழு உயிருமே போனது.

அந்த வாரமே தையல்காரம்மா புருஷனிடம், "பின்சுவத்த உடைச்சு ஒரு கதவு வைங்க" என்றாள்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று முணுமுணுத்தாலும் கொத்தனார் உடைத்தார். பெண்டாட்டி பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதர். ஸ்ட்ரெச்சர் தாராளமாக நுழையும் அகலத்துக்குக் கதவு வந்தது. துணி வெட்டும் மேசை மூலைக்குப் போனது.

அதிலிருந்து யாருக்கு வலி எடுத்தாலும், ரத்தம் போனாலும், அவள் வீட்டுக்குள் புகுந்துதான் ரோட்டுக்கு ஓட்டம். மிஷினை அப்படியே விட்டு எழுந்து இரண்டு கதவையும் விரியத் திறப்பாள். "தலையப் பாத்து, தலையப் பாத்து" என்பாள். கண் மூடித் திறப்பதற்குள் வீடு காலியாகிவிடும். பிறகு தரையைத் துடைப்பாள்.

போனவர்கள் பெரும்பாலும் பிழைத்துத்தான் வந்தார்கள். ஆனால் கையும் குழந்தையுமாக வரும்போது எல்லாரும் சந்து வழியாகச் சுற்றியே வந்தார்கள். பயந்து ஓடிய வழியில் பச்சைக் குழந்தையைக் கொண்டுவர யாருக்கு மனம் வரும்? குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் பிள்ளையில்லாத வீடு. ஜன்னலுக்கு வெளியே சின்ன அழுகை கடந்து போகும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிடுவாள். ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு தடவை, அந்தக் கதவு வழியாக உள்ளே வரக் கூடாதா என்று ஏங்குவாள். கொத்தனாரிடம்கூடச் சொன்னதில்லை.

ஒருநாள் மதியம் ரோட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அதை அதுவரை யாரும் தட்டியதே கிடையாது. திறந்தால், மீன்காரரின் மருமகள். போன வாரம் நினைவு தப்பி இந்த வழியாகத்தான் போனாள். இப்போது தோளில் குழந்தை. மாமனார் பைகளோடு சுற்றுவழியில் போய்விட்டாராம்.

"என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியலக்கா. இப்படியே போயிடட்டுமா?"

தையல்காரம்மா கதவை விரியத் திறந்து விலகி நின்றாள். வந்தவள் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள், பாயில் சாய்ந்தாள், அசதியில் தூங்கியே போனாள். ஸ்ட்ரெச்சர்கள் ஒரே மூச்சில் கடந்த அறையைக் கடக்க அந்தக் குழந்தைக்கு மாலைவரை ஆயிற்று.

வேலை முடிந்து கொத்தனார் வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நம்ம வழியா ஒரு குழந்தை போச்சுங்க."

"யாருக்கு வலி?" என்று பதறி எழுந்தார்.

"உக்காருங்க. வலி இல்ல. ரோட்டுலேர்ந்து உள்ள வந்துச்சு. சாயந்தரம் வரைக்கும் இங்கதான் இருந்துச்சு."

அவர் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எங்க வச்சிருந்தே?"

"மடியிலதான்."

சாப்பாடு ஆறிப்போகும்வரை அவர் கை தட்டுக்குப் போகவில்லை.