பேஷண்ட் ஒத்துழைக்கல

மூச்ச உள்ள இழுத்து விடாம வச்சுக்கோன்னு தமிழ்ல சட்டுனு சொல்லணும்னா நீங்க என்ன சொல்லுவீங்க? யோசிங்க. எனக்கு அன்னிக்கு யோசிக்க பத்து செகண்டு கூட குடுக்கல.

கட்கிங்கற ஊர்ல பொறந்து வளந்தவ நான். வீட்ல தமிழ், வாசல தாண்டினா ஹிந்தி, மராத்தி. பெரியம்மா வேலூர் பக்கத்துலேர்ந்து வைத்தியத்துக்குன்னு எங்க வீட்டுக்கு வந்தவங்க, ஹிந்தி சுத்தமா வராது. இடது மார்புல சின்ன கட்டி. ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சு கட்டிய மட்டும் எடுத்தாச்சு, மிச்சம் ரேடியேஷன்தான். அம்மாவுக்கு லீவு இல்ல, அதனால கூட போனது நான்.

பிளான் போடுற மேடம் ஸ்க்ரீன்ல ரெண்டு விதம் காட்டினாங்க. ஒண்ணு, சாதாரணமா மூச்சு விட்டுட்டே படுத்திருக்கறது. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சாய்வா கதிர் வரும், இதயத்தோட ஒரு ஓரம் அதுல மாட்டும். இன்னொண்ணுல மூச்ச நல்லா இழுத்து புடிச்சுக்கணும். நெஞ்சு உப்பும், இதயம் தள்ளிப் போகும், கதிர் அநேகமா அத தொடாமலே போயிடும். பெரியம்மா ஏற்கனவே பிரஷருக்கு மாத்திரை போடறவங்க. எது வேணும்னு கேக்கவே வேணாம்ல?

ஸ்கேன் ரூம்ல டெக்னீஷியன் மைக்ல "ஸாஸ் ரோகோ"ங்கறான். பெரியம்மா முழிக்கறாங்க. என் கிட்ட மைக்க தள்ளினான். நான் அப்படியே தமிழ் பண்ணேன். "பெரியம்மா, மூச்ச நிறுத்துங்க."

ஸ்பீக்கர்ல பதில் வந்துச்சு. "ஏண்டி, போய் சேந்துடவா?"

சிரிச்சாங்க பாருங்க, நெஞ்சு குலுங்கி ஸ்க்ரீன்ல மூச்ச காட்டுற கோடு எகிறுது. அடுத்த தடவ நிஜமாவே நிறுத்தினாங்க, இருந்த மூச்சையும் வெளிய விட்டுட்டு. மூணு தடவ அதேதான். இதுக்கு முன்னாடியே உக்கார வச்சு பழக்கணும்னு மேடம் பின்னாடி சொன்னாங்க. எவன் பழக்கினான்? டெக்னீஷியன் ஃபைல்ல இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதினான், பேஷண்ட் ஒத்துழைக்கலன்னு. முதல் பிளானே ஃபிக்ஸ்.

ஒத்துழைக்கலயாம். ஆபரேஷன் பண்ண பக்கத்து கைய, வலியோட, தலைக்கு மேல தூக்கி வச்சுட்டு அரை மணி நேரம் அசையாம கெடந்தவங்கள பத்தி எழுதுறான். ஊர்ல ஆட்டோக்காரன் கிட்டல்லாம் சண்டை போடுற நான் அன்னிக்கு வாய மூடிட்டு வந்தேன். அந்த கடுப்பு இன்னும் அடங்கல.

அஞ்சு நாள் ட்ரீட்மென்ட் ஓடிடுச்சு. ஞாயித்துக்கெழம டிவில கபடி. பெரியம்மா டீய உறிஞ்சிக்கிட்டே நக்கலடிக்கறாங்க. "இவன் என்னடி, இதுக்குள்ள தம் விட்டுட்டான்? எட்டாவது படிக்கறப்ப சடுகுடுல நான் தம் கட்டினா நாலு பேர் கால புடிச்சு தொங்கணும்."

தம் கட்டறது! தமிழ்ல எனக்கு தம்முன்னா சிகரெட், சென்னை கசின்ஸ் கிட்ட கத்துக்கிட்டது. மராத்திலயும் கபடிக்கு அதே தம்தான், எங்க ஸ்கூல் கோச் தெனம் கத்துவாரு. டெக்னீஷியனும் கேட்டு வளந்த வார்த்ததான். மூணு பேருக்கும் தெரிஞ்ச ஒண்ணு, ஒருத்தன் வாய்லயும் வரல.

திங்கக்கெழம போய் கத்தினேன். போட்ட பிளானும் தப்பில்ல, நெறைய பேருக்கு அதான் போடறோம்னாரு டாக்டர். இருக்கலாம் சார், அப்ப அந்த வரிய அடிங்க, பேஷண்ட் கிட்ட எப்படி கேக்கணும்னு எங்களுக்குத் தெரியலன்னு எழுதுங்கன்னேன். அவரு ஃபைல மூடி வச்சாரு. மேடம்தான் எழுந்து வந்து மறுபடி ஸ்கேன் பாத்துடலாம்னாங்க. மைக்க நானே புடுங்கிக்கிட்டேன். "பெரியம்மா, தம் கட்டுங்க."

கட்டினாங்க. கோடு மேல ஏறி அப்படியே நின்னுச்சு. போதும், விடச் சொல்லுன்னு டெக்னீஷியன் பதறிக்கிட்டு கைய ஆட்டறான்.

ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு மேடம் காட்டினாங்க. புதுசுல இதயம் தனியா ஒதுங்கி நிக்குது. பழசுல கதிர் கோட்டுக்குள்ள அதோட ஓரம். அந்த ஓரத்துல போன அஞ்சு நாள எவனும் திருப்பி எடுக்க முடியாது. அதனால என்ன ஆகும்னு கேட்டா, ஒண்ணும் ஆகாமலும் போகலாம், வருஷம் போனாத்தான் தெரியும்ங்கறாங்க.

இன்னிக்கு பதினோராவது நாள். பெரியம்மா உள்ள இருக்காங்க, மைக்ல "தம் கட்டு"ன்னு டெக்னீஷியனே சொல்றது கதவு வரைக்கும் கேக்குது. ஃபைல் என் மடில இருக்கு. அந்த வரிய இன்னும் யாரும் அடிக்கல.