நசீரின் காலும் ஒரு கை உப்பும்

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்: நான் எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். நம்பும்படி எழுத எனக்குத் தெம்பும் இல்லை. நேற்று முன்தினம் மதியம் துபாயிலிருந்து நசீர் கூப்பிட்டான்.

"மாமா, கலியமூர்த்தி அண்ணன் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. நெசமா?"

காரைக்காலில் குந்தியிருக்கும் எனக்குத் துபாய் வந்து செய்தி சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டோ பிடித்துக் கருக்களாச்சேரிக்குப் போனேன். நெசம்தான். ஒரு மீன் வண்டிக்காரரின் வீட்டு முன்னால் அத்தனை சைக்கிள்கள் நின்றதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்திருக்கும்.

நம் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து கன்னியாகுமரிக்கு ரிலே போட்டி. அணிக்கு இருவர், ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் பின்னால் வரும் வண்டியில் படுத்துக்கொள்ளலாம். எங்கள் அணியில் நசீரும், குரும்பகரத்து பி.டி. டீச்சர் புவனாவும். அணி மேலாளர் என்ற மாபெரும் பொறுப்பை நான் சுமந்தேன், அதாவது வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். பேசி வைத்த வேன் விடிகாலையில் வரவில்லை. மீனை இறக்கிவிட்டு அதே குட்டி யானைச் சரக்கு வண்டியோடு வந்து நின்றார் கலியமூர்த்தி.

"கழுவுனியா மச்சான்?" என்றேன்.

"இதுக்கு மேல கழுவுனா பெயிண்டு போயிரும். ஏறு."

வாசனை போகவில்லை. வேளாங்கண்ணி தாண்டியதும் காகங்கள் தலைக்கு மேல் பந்தல் போட்டன. முத்துப்பேட்டையில் ஒரு பூனை எங்களைக் கண்ட கணத்தில் குடும்பத்தைத் துறந்து பின்னாலேயே வந்துவிட்டது.

கலியமூர்த்தியின் வேகம் ஊரறிந்தது. நாகூரில் ஹாரன் அடித்தால் வண்டி நாகப்பட்டினத்தில் நிற்கும். சத்தம் ஆற அமர வந்து சேரும். அப்படிப்பட்டவர் அன்று சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்தார். முந்தினால் அணியை நீக்கிவிடுவார்கள்.

"மச்சான், ஆமை ஒண்ணு நம்மள ஓவர்டேக் பண்ணுது பாரு" என்றேன்.

"போவட்டும். அதுக்கு என்ன அவசரமோ."

"ஒனக்கு அவசரமே இல்லியா?"

"அவசரம் மீனுக்குத்தான். மனுசன் கெட்டுப்போவ நாளாவும்" என்றார். இதை அவர் சொல்லக் கேட்காதவர்கள் உங்களில் இருக்க முடியாது.

தொண்டியில் வெயில் மண்டையைப் பிளந்தது. நசீர் சைக்கிளைப் புவனாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். கெண்டைக்கால் இரண்டும் இறுகிப்போயிருந்தன. கலியமூர்த்தி ஐஸ் வாங்கி உடைத்து, காலில் கோணியைச் சுற்றி, முழங்கால் வரை மீன் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதுவரை சரி. தூரத்துக்குப் போகும் மீன் என்றால் ஐஸில் உப்பைத் தூவுவார்கள். குளிர் கடுமையாக ஏறும். கை பழகிய பழக்கம், மூன்று கை உப்பையும் அள்ளிப் போட்டிருக்கிறார். நசீர் தூங்கிவிட்டான்.

அவன் முறை வந்தது. புவனா மூச்சிரைக்க வந்து நின்றாள். நசீர் காலைத் தரையில் வைத்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, முட்டிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

"என்னண்ணே போட்டீங்க?" என்றாள் புவனா.

"ஐஸுதாம்மா. கொஞ்சூண்டு உப்பு."

"அவரென்ன வஞ்சிரமா? துபாய்க்கு எக்ஸ்போர்ட் பண்றீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இராமநாதபுரத்தைத் தாண்டாத அணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நசீருக்கு அந்த வாரம் லீவு முடிகிறது. அடுத்த போட்டிக்கு அவன் ஊரில் இருக்கமாட்டான். லீவு முழுவதையும் இதற்காக மிதித்தே கழித்தவன். புவனா தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறினாள். அவள் தொடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

கலியமூர்த்தி சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு மச்சான்."

பின்னால் ஏறி நசீருக்கு எதிரே உட்கார்ந்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டையைத் தூக்கி, அந்த இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டார். குளிரில் அவர் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது.

"அண்ணே, வேணாண்ணே. கூசுது."

"கூசுதா? அப்ப உசுரு வருது. பேசாம படு."

முன்னால் புவனாவின் சைக்கிள் நெளிந்து நெளிந்து போனது. எதிர்க்காற்று வேறு. தேவிபட்டினத்துக்கு முன்னால் நசீர் கண்ணாடியைத் தட்டினான். நிறுத்தினேன். இறங்கினான், நொண்டினான், நின்றான், சைக்கிளை வாங்கிக்கொண்டான். புவனா ரோட்டோரத்திலேயே படுத்துவிட்டாள். வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே இராமநாதபுரம் தாண்டினோம். கன்னியாகுமரியில் எத்தனையாவதாக வந்தோம் என்று கேட்பவர்களுக்கு: எங்களைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டம் கலைந்தது.

இனி எழுத அலுப்பாக இருக்கிறது. காகம், பூனை, ஆமை எல்லாம் என் கைச்சரக்கு. உப்பும் ஒரு கைதான், மூன்றாக்கியது நான். அந்த வயிறு மட்டும் உண்மை. தான் செய்த தப்புக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, குளிரில் பல்லைக் கடித்தபடி அந்தக் கால்களை விடாமல் பிடித்திருந்தார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான்.